சுத்துற சீட்

எங்கள் ஜவ்வாது மலையில் ஒரே மாதிரி சின்ன கார் ஐந்து இருக்கின்றன. பின்பக்கக் கதவை மேலே தூக்கித் திறக்கிற ஜாதி. ஐந்தும் வேலூர்ப் பக்கத்து வாத்தியார்களும் பேங்க்காரர்களும் ஓட்டி முடித்துத் தள்ளிவிட்ட வண்டிகள். அதில் நாலு வண்டியைச் செய்தவனே பார்த்தாலும் அடையாளம் தெரியாது. பள்ளத்தில் அடி தட்டக் கூடாது என்று ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் கட்டை திணித்துத் தூக்கியிருப்பார்கள். பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் புளி மூட்டை ஏற்றுவார்கள். சைலன்சரை அறுத்துவிட்டதால் ஒரு வண்டி வருவது அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும். லாரி ஹாரன், நீல பல்பு, கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் என்று அவரவர் ஆசைக்குச் செய்துகொண்டார்கள்.

ஐந்தாவது வண்டி ஜீவானந்தத்துடையது. ஐம்பத்தொரு வயது. கொஞ்சம் சாமைக் காடு, குத்தகைக்குப் புளிய மரங்கள். பிள்ளை இல்லை. அவர் தன் வண்டியில் ஒன்றையும் மாற்றவில்லை. ஆயிலைத் தானே மாற்றுவார். வடித்த பழைய ஆயிலை வீணாக்காமல் கொட்டகைக் காலுக்குக் கரையானுக்காகப் பூசுவார். மலை இறங்கும்போது பாதியில் நிறுத்தி, சக்கரத்தைத் தொட்டுப் பார்த்து, சூடு ஆறின பிறகுதான் மறுபடியும் எடுப்பார். வெள்ளிக்கிழமை தவறாமல் முன்னால் கற்பூரம் காட்டுவார். வயலுக்குப் போகாத நாள் உண்டு, வண்டியைத் துடைக்காத நாள் இல்லை.

மாற்றவில்லை என்றேனே, அது முழு உண்மை இல்லை. ஒன்றே ஒன்றை மாற்றினார். அது அவர் மனைவி நீலாவதிக்காக.

நீலாவதிக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து இரண்டு காலும் விளங்காமல் போனது. கையை ஊன்றித்தான் நகர்வாள். ஆனால் கையால் செய்கிற வேலையில் அவளை மிஞ்ச இந்த மலையில் ஆள் கிடையாது. கையால் சுற்றுகிற மெஷினில் ரவிக்கை தைப்பாள். வாரத்துக்கு ஒரு நாள் சந்தையில் உரக்கடைச் சுவரோரம் உட்கார்ந்து தைத்ததைக் கொடுப்பாள், புதிதாக அளவெடுப்பாள். நாலு பெண்களின் முகத்தைப் பார்த்துப் பேசுவதும் அந்த ஒரு நாள்தான். மற்ற ஆறு நாளும் அவளுக்கு வீட்டு வாசப்படியும் முன்னால் நிற்கிற முருங்கையும்தான்.

பஸ்ஸில் போன காலத்தில் ஜீவானந்தம் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறுவார். ஒருநாள் பின்னால் நின்ற ஒருவன், இதுக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று கேட்டான். பஸ்ஸே சிரித்தது. அதற்கப்புறம் ஒரு வருடம் நீலாவதி வீட்டை விட்டு இறங்கவில்லை. அந்த ஒரு வருடத்தில்தான் ஜீவானந்தம் புளி விற்ற காசையெல்லாம் சேர்த்து இந்தக் காரை வாங்கினார்.

கார் வந்தும் தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டியிருந்தது. கணியம்பாடியில் மெக்கானிக் கடை வைத்திருக்கிற மோகன்தான் வழி சொன்னான். முடி வெட்டுகிற கடையில் ஒரு பழைய நாற்காலியைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். அதன் அடிச் சுழலை அறுத்தெடுத்து, கடைசல் பட்டறையில் ஒரு தகடு கடைந்து, உள்ளே பேரிங் வைத்து, அதன் மேல் ஒரு சின்ன சீட்டைப் பொருத்தினான். முன்னால் இடது பக்கம் இருந்த கம்பெனி சீட்டைக் கழற்றிவிட்டு இதை மாட்டினான். கதவைத் திறந்து ஒரு ஆணியை இழுத்தால் சீட் வெளிப்பக்கம் திரும்பும். நீலாவதி முக்காலியிலிருந்து கையை ஊன்றி எம்பி அதில் உட்கார்ந்து, தானே உள்ளே திருப்பிக்கொள்வாள். யாரும் தொட வேண்டியதில்லை.

முதல் நாள் அவள் பதினொரு தடவை ஏறி இறங்கினாள். ஜீவானந்தம் தள்ளி நின்று எண்ணிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது தடவைக்குக் கை ஓய்ந்துவிட்டது. உள்ளே உட்கார்ந்தபடியே, இன்னிக்கு இங்கயே சோறு போடு என்றாளாம்.

கழற்றிய கம்பெனி சீட்டின் ஓரம் கொஞ்சம் பிரிந்திருந்தது. நீலாவதி அதை இரட்டை நூலில் தைத்தாள், ஜீவானந்தம் சாக்கில் சுற்றிப் பரண் மேல் வைத்தார். அது எஃப்.சி.க்கு வேண்டும்.

பதினைந்து வருடம் ஆன காரை மறுபடியும் ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய்க் காட்டி, இது ஓட்டத் தகுந்தது என்று கையெழுத்து வாங்க வேண்டும். அதைத்தான் ஊரில் எஃப்.சி. என்கிறோம். அப்படிக் காட்டும்போது வண்டி பிறந்த மேனிக்கு இருக்க வேண்டும். நாலு வண்டிக்காரர்களிடமும் பிறந்த சாமான் எதுவும் மிச்சமில்லை. அதனால் யாருக்கு எஃப்.சி. வந்தாலும் ஜீவானந்தத்தின் வீட்டு வாசலுக்கு வருவார்கள். அவர் வண்டியிலிருந்து டயர், சைலன்சர், பரணிலிருந்து சீட், எல்லாம் கழற்றிக்கொண்டு போய்த் தங்கள் வண்டியில் மாட்டிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவருவார்கள். ஐந்து வண்டியில் அவருடையதற்குத்தான் வயது குறைவு. அதனால் அவர் முறை கடைசி.

இங்கே அவருடைய வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் ஊரில் சாமை கடன் வாங்குவதும் கொடுப்பதும் உண்டு. கடன் திரும்பி வரும்போது கொடுத்தவர் அளந்து பார்க்க மாட்டார். வாங்கிப் போனவர் குதிரில் கொட்டுகிறவரைக்கும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். பார்த்தால், உன்னை நம்பவில்லை என்று அர்த்தம். ஜீவானந்தம் டயருக்கும் சைலன்சருக்கும் அதையே செய்தார். சாமான் வந்தால் மலையைப் பார்த்துக்கொண்டு, உள்ள வெச்சுட்டுப் போப்பா என்பார். டயரையும் சைலன்சரையும் வந்தவர்களே மாட்டிவிட்டுப் போவார்கள். சீட்டைச் சாக்குப் பிரிக்காமல் பரணில் ஏற்றுவார்.

இது எல்லோருக்கும் தெரியும். மணிவேலுக்கு நன்றாகத் தெரியும்.

மணிவேலுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மலையில் விளைகிற புளி, கடுக்காய், பலா எல்லாவற்றையும் வாங்கிக் கீழே கொண்டுபோய் விற்கிறவன். ஐந்து கார்க்காரர்களில் அவன் வைத்ததுதான் சட்டம். ஜீவானந்தத்தை மாமா என்று கூப்பிடுவான். ஒரிஜினல் மாமா வர்றாரு, வழி வுடுங்கடா, வண்டி மேல தூசி பட்டா அழுதுடுவாரு என்று டீக்கடையில் கத்துவான். ஜீவானந்தம் சிரித்துக்கொண்டே போவார். அவருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. ஆண்டவன் சிலரை அப்படிப் படைத்துவிடுகிறான்.

போன மாசியில் அவர் முறை வந்தது. நாள் குறித்தாகிவிட்டது. பத்து நாள் முன்னதாக வண்டியைச் சரிபார்க்க மோகனிடம் ஓட்டிப் போனார். மோகன் வண்டியைத் தூக்கி வைத்து அடியில் படுத்தான். பிறகு வெளியே வந்து, அந்த சைலன்சரை யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டான். ஜீவானந்தத்துக்குப் புரியவில்லை.

“இது உன்னோடது இல்லண்ணா. ஓட்டைய பசை வெச்சு அடைச்சி வெள்ளி பெயிண்ட் அடிச்சிக் குடுத்திருக்கானுங்க. டயர பாரு. நாலும் பட்டன் தேஞ்சு மொட்டையா போனது. பிளேடால கோடு கீறி வெச்சிருக்கானுங்க. இதுலயா அண்ணிய வெச்சிகினு மலை ஏறி எறங்குன?”

ஜீவானந்தம் டயரில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே நின்றார்.

வீட்டுக்கு வந்து பரண் மேலிருந்து சீட்டை இறக்கிச் சாக்கைப் பிரித்தார். பார்க்க அதே சீட்தான், அதே சாம்பல் நிறம். ஆனால் கீழே சட்டம் இரண்டாக உடைந்து கம்பி போட்டுக் கட்டியிருந்தது. நீலாவதி தவழ்ந்து வந்து ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

“இது என் தையல் இல்லீங்க.”

டயரையும் சைலன்சரையும் மோகன் எப்படியோ தேடிப் பிடித்துப் போட்டுக் கொடுத்தான். புளிக்கு வாங்கிய முன்பணம் அதிலேயே போனது. சீட் மட்டும் கிடைக்கவில்லை. உடைந்த சட்டம் பற்றவைத்தும் நிற்கவில்லை. இந்த ஜாதி வண்டிக்கு சீட் உட்காருகிற தண்டவாளம் வேறு மாதிரி, மற்றது உட்காராது என்றான். சுற்றுகிற சீட்டோடேயே போய்க் காட்டினால் என்ன என்று நீலாவதி கேட்டாள். கால் இல்லாதவங்களுக்குன்னு முறையா எழுதிக் கொடுத்துச் சம்மதம் வாங்கலாம், ஆனா அதுக்கு டாக்டர் பேப்பர், அது இதுன்னு நாளாகும், தேதி தாண்டிடும் என்று மோகன் சொன்னான். ஜீவானந்தம் நாலாவது வரைக்கும் படித்தவர். எழுதிக் கொடுப்பது என்றதுமே அவருக்கு வியர்த்தது.

தேதியன்று விடியற்காலையில் டீக்கடைக்குப் போனார். வரிசையாக வண்டிகள் நின்றன. மணிவேலின் வண்டிக் கதவு திறந்திருந்தது. இடது பக்கத்து சீட்டின் ஓரத்தில் இரட்டை நூல் ஓடியிருந்ததை அவர் பார்த்தார். பார்த்ததை மணிவேலும் பார்த்தான்.

இது என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. சொன்னால் மணிவேலைத் திருடன் என்றதாகிவிடும். நாலு பேர் நடுவில் ஒருவனை அப்படிச் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. ஒரே ஒரு நாளைக்கு அந்த சீட்டைக் கொடுக்க முடியுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“குடுக்குறேன் மாமா, உனக்கு இல்லாததா” என்றான் மணிவேல். “ஆனா திரும்பி வரணுமே. காலம் கெட்டுக் கெடக்குது. யாரை நம்புறது?”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவனுக்கு டீ புரையேறிவிட்டது.

“ஈடா ஏதாவது வெச்சிட்டுப் போ. அந்தச் சுத்துற சீட் சும்மாதானே கெடக்கும்? அத வெச்சிட்டுப் போ.”

ஜீவானந்தம் தானே ஸ்பானர் எடுத்துத் தன் வண்டியில் சுற்றுகிற சீட்டின் நாலு போல்ட்டைக் கழற்றினார். யாரும் கை கொடுக்கவில்லை. கழற்றி அவர் தரையில் வைத்ததும் மணிவேல் அதில் ஏறி உட்கார்ந்தான். இரண்டு காலையும் தொங்கவிட்டு, கையை ஊன்றி எம்பி எம்பி, நீலாவதி ஏறுகிற மாதிரியே செய்து காட்டி ஒரு சுற்று சுற்றினான். வாயைக் கோணலாக வேறு வைத்துக்கொண்டான். நீலாவதிக்கு வாய் கோணல் கிடையாது. அது அவனாகச் சேர்த்தது.

அப்போது ஜீவானந்தமும் சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் சீட் கிடைக்காதோ என்ற பயம். அந்த இடத்தில் நின்றவர் ஒருவர்தான் பிறகு இதை எனக்குச் சொன்னார். மற்றதையெல்லாம் சொன்னவர் அந்தச் சிரிப்பைச் சொல்லும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆபீசில் முதல் நாள் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வா என்றார்கள். அவர் மலை ஏறாமல் மோகன் கடையிலேயே படுத்துக்கொண்டார். அடுத்த நாள் கூட்டம். மூன்றாம் நாள் மத்தியானம் அதிகாரி வந்தார். லைட் போடச் சொன்னார், ஹாரன் அடிக்கச் சொன்னார், முன்னால் மூடியைத் திறந்து நம்பரைத் தேய்த்துப் பார்த்தார், சைலன்சர் பக்கம் குனிந்தார். நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்றார். கையெழுத்துப் போட்டார். இடது கதவுப் பக்கம் அவர் வரவே இல்லை. கண்ணாடி வழியாகக்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஐந்து வருடத்துக்கு வண்டிக்குக் கவலை இல்லை.

திரும்பி மலை ஏறி நேராக மணிவேல் வீட்டு முற்றத்துக்கு வந்தார். சுற்றுகிற சீட் ஒரு பக்கம் சாய்ந்து மண்ணில் கிடந்தது. மூன்று நாளும் அங்கே பந்தயம் நடந்திருக்கிறது. யார் உட்கார்ந்து அதிக நேரம் தலை சுற்றாமல் தாங்குகிறார்கள் என்று பெரிய ஆண்பிள்ளைகள் மாற்றி மாற்றிச் சுற்றிவிட்டிருக்கிறார்கள். ஆணி முறிந்துவிட்டது. தகடு வளைந்துவிட்டது. பேரிங் உடைந்து குண்டுகள் சிதறி, கோழி ஒன்று அதைக் கொத்திக் கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.

“வெளையாட்டுல ஆயிடுச்சு மாமா. மோகன் கிட்ட குடு, ரெடி பண்ணிடுவான். இப்ப என் சீட்ட எறக்கு.”

இறக்கினார். மணிவேல் அதை வெயிலில் வைத்தான். அழுத்திப் பார்த்தான், கவிழ்த்துப் பார்த்தான், மோந்தும் பார்த்தான்.

“நான் உன்ன மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிற ஆளு இல்ல. பிரிச்சுப் பாத்துத்தான் வாங்குவேன்” என்றான்.

கால் மணி நேரம் பார்த்தான். அதுவரை ஜீவானந்தம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வீட்டில் நீலாவதி வாசப்படியில் காத்திருந்தாள். மறுநாள் சந்தை. ஆறு ரவிக்கை மடித்து வைத்திருந்தாள். பாஸ் ஆயிடுச்சா என்று சந்தோஷமாகக் கேட்டாள். பிறகுதான் வண்டிக்குள் பார்த்தாள். சீட் எங்கே என்று கேட்டாள்.

ஜீவானந்தம் பின்கதவைத் தூக்கி, உடைந்த துண்டுகளை எடுத்து அவள் முன்னால் போட்டார். வைக்கவில்லை, போட்டார்.

“இந்தாமே, உன் சிம்மாசனம். உன்னாலதான் நாலு பேர் முன்னாடி நாய் மாதிரி நின்னேன். காலு மட்டும் இருந்திருந்தா எனக்கு ஏன் இந்தக் கதி?”

கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் அவர் அவள் காலைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் திரும்பிச் சொல்ல எவ்வளவோ இருந்தது. மெஷின் பக்கம் நகர்ந்து போய் அதன் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தாள். மெஷினில் துணி வைத்திருக்கவில்லை.

அவரும் கொஞ்ச நேரத்தில் வருத்தப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன். மறுநாள் அவளைத் தூக்கிப் பின் சீட்டில் உட்கார வைத்தார். முன்னால் இடது பக்கம் காலி இடம் கிடந்தது. சும்மா போவானேன் என்று அங்கே இரண்டு புளி மூட்டையை நிறுத்தினார். அது கச்சிதமாக நின்றது. சந்தையில் நல்ல விலை போனது. அந்த இடத்தில் சீட் இருந்தவரைக்கும் அப்படி ஒரு இடம் இருப்பதே அவருக்குத் தெரியாது.

மோகன் இரண்டு தடவை போன் செய்தான். பேரிங் வாங்கி வைத்திருக்கிறேன், தகட்டைக் கொண்டுவந்தால் ஒரு நாள் வேலைதான், கூலி வேண்டாம் என்றான். புளி முடியட்டும் என்றார் ஜீவானந்தம்.

அடுத்த வாரம் மணிவேல் வந்தான். மாமா, ஆறு மூட்டை ஏத்துவியா, என் வண்டி பத்தல என்று கேட்டான். பின் சீட்டைக் கழற்ற அவனே ஆள் கூட்டி வந்தான். சிரிப்பும் பேச்சுமாக இரண்டு பேரும் சேர்ந்துதான் கழற்றினார்கள். நீலாவதி உள்ளே இருந்து டீ போட்டு டம்ளரை வாசப்படி வரைக்கும் தள்ளிவிட்டாள். மணிவேல் டீயைக் குடித்துவிட்டு, அத்த கை டீ டீதான் என்றான். அதற்கும் ஜீவானந்தம் சிரித்தார். இந்தத் தடவை பயத்தினால் இல்லை.

அந்த வாரம் அவள் தைத்ததை அவரே எடுத்துப் போய்க் கொடுத்தார். ஒன்று தோளில் இறுக்கம், ஒன்று கை நீளம் என்று திரும்பி வந்தது. நேரில் பார்த்து அளவெடுக்காமல் எப்படித் தைப்பது? பழைய ரவிக்கையை அளவுக்குக் கொடுத்தனுப்பினார்கள். பிறகு அதுவும் குறைந்தது. உரக்கடைச் சுவரோரம் இப்போது வளையல் விற்கிற வசந்தி உட்கார்கிறாள். வசந்தியைக் குறை சொல்ல முடியாது. மூன்று வாரம் அந்த இடத்தைக் காலியாக வைத்திருந்து, வருகிறவர்களிடமெல்லாம் நீலாக்கா எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

புளி முடிந்தது. பலா வந்தது. பலாவுக்கும் இடம் வேண்டியிருந்தது. பேரிங்கை மோகன் வேறு யாருக்கோ போட்டுவிட்டான். வளைந்த தகடு முருங்கை மரத்தடியில் கிடக்கிறது.

போன சந்தை நாளில் நான் அந்தப் பக்கம் போயிருந்தேன். நீலாவதி குளித்து, பூ வைத்து, பையோடு வாசப்படியில் உட்கார்ந்திருந்தாள். பையில் ஒரே ஒரு ரவிக்கை. ஜீவானந்தம் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். முன்னைப்போல வண்டியைத் துடைக்கிற வழக்கம் இப்போது இல்லை. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த வாரமாச்சும் வர்றேங்க. மூட்ட மேலயே உக்காந்துக்கறேன். ஒண்ணும் ஆவாது.”

“எடமில்ல” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும், வராது என்று சொல்வது போலச் சொன்னார்.

அவள் பையை நீட்டினாள். அவர் வாங்கி முன்னால் மூட்டைகளுக்கு மேலே வைத்தார். பிறகு இடது பக்கத்து சீட் பெல்ட்டை இழுத்து, வளைவில் சாயாமல் இருக்க, இரண்டு மூட்டையையும் சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டார். இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.